மூன்று வீசை நாலு பலம்

தென்கடல் தீவு,
30-10-1936

அன்புத் தங்கச்சி எல்லம்மாவுக்கு,

உன் அண்ணன் கைகால் முழுசாக, மூக்கு மட்டும் குளிரில் உரிந்துபோய் இருக்கிறேன். இதை முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அம்மாவுக்கு இந்நேரம் பிள்ளை பிறந்திருக்கும். தம்பியா, தங்கையா? இங்கே கப்பல் வந்தால்தான் கடிதம் வரும். நீ எழுதியது எந்தத் துறைமுகத்தில் தூங்குகிறதோ!

கரி அள்ளத்தான் என்னைக் கப்பலில் சேர்த்தார்கள். இப்போது வேறு வேலை. எங்கள் துரை கடல்நாய்களை ஆராய்கிறவர். கரை முழுக்க அவை குட்டி போட்டுக் கிடக்கின்றன. குட்டியைக் கோணியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு நாள்தோறும் எடை பார்க்க வேண்டும். எழுதுவது துரை. தூக்குவது நான். கடி வாங்குவதும் நான்தான்.

பிறந்த குட்டி மூன்றரை மணங்கு, அதாவது இருபத்தெட்டு வீசை. தோல் தொளதொளவென்று, நைனா சட்டையை நீ போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். மூன்றே வாரத்தில் பத்து மணங்கைத் தாண்டிவிடுகிறது. தாய் அத்தனை நாளும் ஒரு மீன்கூடத் தின்பதில்லை. தண்ணீரில் இறங்குவதே இல்லை. தன் உடம்பைக் கரைத்துப் பாலாகக் கொடுக்கிறது. முதலில் நீர்த்திருக்கும் பால் போகப் போக வெண்ணெய் மாதிரி ஆகிவிடுகிறது.

குடித்துவிட்டு அசையாமல் கிடக்கும் குட்டிதான் சீக்கிரம் பெருக்கிறதாம். அழுது அலையும் குட்டி, குடித்ததையெல்லாம் அதிலேயே செலவழித்துவிடும் என்கிறார் துரை.

நேற்று ஒரு குண்டனைப் பார்த்தோம். தன் தாயிடம் குடித்து முடித்து, பக்கத்துத் தாயிடமும் போய்க் குடிக்கிறான். அந்தத் தாயின் சொந்தக் குட்டி நாலடி தள்ளிக் கத்திக்கொண்டிருந்தது. தூக்கினேன். கோணி கனக்கவே இல்லை. இன்று காலை அது செத்துக் கிடந்தது.

பள்ளிக்கூடத்தை விடாதே.

உன் அண்ணன்
வேம்புலி


அம்பத்தூர்,
12-1-1937

அண்ணாத்தே,

நேற்று நைனா சொல்லச் சொல்ல உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘இவ்விடம் எல்லாரும் சுகம், அம்மா உன்னை விசாரித்தாள்’ என்று என் கையால்தான் எழுதினேன். அது பொய். நைனா தூங்கட்டும் என்று காத்திருந்து, விளக்கைச் சுருக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அன்னம்மாள் டீச்சர் தபாலில் சேர்த்துவிடுவார்கள்.

அம்மா வீட்டில் இல்லை. தம்பி பிறந்து இரண்டாம் மாதம் சூளையில் செங்கல் வண்டி நைனா காலில் ஏறிவிட்டது. இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். பாடிப் பக்கம் ஒரு பங்களாவில் துரைசானிக்குப் பால் இல்லை, டப்பாப் பாலும் அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆள் வந்தது. கார்த்திகை மாதம் அம்மா போனாள். அங்கேயே தங்க வேண்டும். வீட்டுக்கு வரக் கூடாது. தன் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. அதுதான் பேச்சு. உனக்குத் தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று நைனா பயப்படுகிறார்.

தம்பியை நான்தான் பார்க்கிறேன். சின்னான் என்று கூப்பிடுகிறோம். காலையில் முத்தம்மாள் அக்காள் வீட்டு ஆட்டுப்பால், மதியம் கஞ்சித்தண்ணி, பாலாடைச் சங்கில் புகட்டுகிறேன். பள்ளிக்கூட நேரத்தில் அக்காள் வைத்துக்கொள்கிறாள்.

உன் கடிதத்தை நைனாவுக்குப் படித்தேன். அந்தப் பக்கத்துத் தாய், அதன் குட்டி வந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். “இன்னாடி, மேல படி” என்றார். “எயுத்து அயிஞ்சி கீது நைனா” என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு காரியம் செய்துவிட்டேன், யாரிடமும் சொல்லாதே. பிள்ளையைத் தராசில் வைத்தால் வளர்த்தி நின்றுவிடும் என்று நம் ஊரில் வைக்க மாட்டார்களே. என் கூடப் படிக்கும் தாட்சாயிணியின் அப்பா கோதண்டம் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் சாப்பிடப் போன சமயம், புளி நிறுக்கும் தட்டில் சின்னானை வைத்து நிறுத்தோம். மூன்று வீசை இருபது பலம். தாட்சாயிணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்தான்.

இது அதிகமா, குறைவா? உனக்குத்தான் தெரியும். அவன் நிறைய அழுகிறான், உதைக்கிறான். நீ எழுதியபடி இனி அசையவிட மாட்டேன். புடவையில் கைகால் சேர்த்துச் சுற்றித் தூளியில் போடுகிறேன்.

உன் தங்கச்சி
எல்லம்மா


அம்பத்தூர்,
9-2-1937

அண்ணாத்தே,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனாலும் நல்ல சேதி இருக்கிறது. சின்னான் அழுவதை நிறுத்திவிட்டான்!

முதல் வாரம் தூளியில் கத்தினான். நான் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது போட்டால் போட்டபடி கிடக்கிறான். “இந்த மாரி கொயந்தைய நான் பாத்ததே இல்லடி, மூச்சு காட்டாம கீறான். இன்னா மந்திரம் போட்ட?” என்றாள் முத்தம்மாள் அக்காள். அது தெற்குக் கடல் மந்திரம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஆட்டுக்குப் பால் வற்றுகிறது. பாதிக்குமேல் தண்ணீர் கலக்கிறோம். அவன் செலவழிக்கவில்லை, அதனால் போதும் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் என் வளையலைப் பிடிக்க எட்டுவான். இப்போது பார்க்கிறான், அவ்வளவுதான். கண் மட்டும் பெரிதாகிவிட்டது.

தராசில் மறுபடி வைக்கப் பயமாக இருக்கிறது. நான் செய்தது சரிதானே? சீக்கிரம் எழுது.

எல்லம்மா


தென்கடல் தீவு,
20-12-1936

அன்புத் தங்கச்சிக்கு,

தம்பி பிறந்த கடிதம் கிடைத்தது! ‘தாயும் பிள்ளையும் சுகம், பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான்’ என்று எழுதியிருந்தாய். கப்பலில் எல்லாருக்கும் காட்டினேன். சமையற்காரன் சர்க்கரை கொடுத்தான். ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே கிடந்தேன். அம்மா பத்திரம். அவள் தட்டில் சோறு குறையாமல் பார்த்துக்கொள்.

இங்கே தாய்கள் போய்விட்டன. ஒரு நாள் பால் கொடுக்கும், மறுநாள் கடலுக்குள் போய்விடும். திரும்பிப் பார்ப்பதில்லை. குட்டிகள் எட்டு வாரம் ஒன்றும் தின்னாமல் கரையிலேயே கிடந்து, சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உயிர் வாழ்கின்றன. பத்து மணங்கு ஏழாகிவிடுகிறது. அப்புறம்தான் நீந்தப் பழகுகின்றன.

நானும் ஒரு தப்புச் செய்தேன். ஒரு சின்னக் குட்டி சத்தமில்லாமல் கிடந்தது. “இது சமர்த்து சார், தானே பெருத்துக்கும்” என்றேன். துரை அதன் விலாவைத் தொட்டுப் பார்த்தார். கொழுப்புள்ள குட்டி அசையாமல் கிடந்தால் அது சேமிப்பு, கொழுப்பில்லாத குட்டி அசையாமல் கிடந்தால் அதனிடம் செலவழிக்க இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம் என்றார். கத்துகிற குட்டிக்காவது வழி உண்டு. கத்துவதை விட்ட குட்டியைத்தான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டுமாம். அடுத்த நாள் எடை எழுதும் வரிசையில் அதன் பெயருக்கு நேராகக் கோடு போட்டார்.

நம் தம்பி நன்றாக அழுகிறானா? அழட்டும்.

வேம்புலி


அம்பத்தூர்,
14-3-1937

அண்ணாத்தே,

உன் டிசம்பர் கடிதம் பிப்ரவரி இருபத்தேழாம் தேதி வந்தது. கத்துவதை விட்ட குட்டி என்ற இடத்தில் எழுந்து தூளிக்கு ஓடினேன். புடவைச் சுற்றைப் பிரித்தேன். விலாவைத் தொட்டேன், அண்ணாத்தே. விரலுக்கு எலும்புதான் கிடைத்தது. தொடை என் மணிக்கட்டு அளவு. இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்கவில்லை.

தாட்சாயிணி நிறுத்தாள். மூன்று வீசை நாலு பலம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நைனாவிடம் சொல்லவில்லை. விடிந்ததும் பள்ளிக்கூடம் போகிற மாதிரி சின்னானைத் தூக்கிக்கொண்டு பாடிக்கு நடந்தேன். ஏரிக்கரை முழுக்க அவன் ஒரு சத்தம் போடவில்லை. நாலு தடவை நின்று, மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன்.

பங்களா வாசலில் தோட்டக்காரர் மறித்தார். “உள்ள உடக் கூடாதுமா, என் வேல பூடும்.” நான் போகாமல் நின்றேன். எங்கள் சத்தம் கேட்டு அம்மா வந்தாள். இடுப்பில் அந்தப் பிள்ளை. வெள்ளைக் கவுன், கைகளில் மடிப்பு மடிப்பாகச் சதை. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

“யாரு புள்ளடி இது?” என்றாள்.

சின்னானை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அவள் இன்னும் கிட்டே வந்தாள். பிறந்தபோதே நெற்றியில் இருந்த மச்சத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் என்ன ஆனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. “உங்க நைனா கொயந்த நல்லாக் கீதுன்னு ஆள் மேல ஆள் சொல்லி அனுப்சாரேடி” என்றாள். “நானும் அண்ணாத்தேக்கு அதையே எயுதினேம்மா” என்றேன்.

அந்தப் பிள்ளையைத் தோட்டக்காரர் கையில் திணித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள். சின்னானுக்கு வாய் திறக்கத் தெரியவில்லை. பால் தானாக வடிந்து அவள் ரவிக்கை நனைகிறது, இவன் சும்மா பார்க்கிறான். விரலில் தொட்டுத் தொட்டு உதட்டில் வைத்தாள். ஒரு ரயில் போனது. அது போன பிறகுதான் ஒரு மடக்கு விழுங்கினான். அப்புறம் இன்னொன்று.

அம்மா அப்படியே எழுந்து என்னோடு நடந்து வந்துவிட்டாள். பின்னால் அந்தப் பிள்ளை அழுத சத்தம் ரோடு திரும்பும் வரை கேட்டது. அதற்கு என்ன எடை குறையும், அண்ணாத்தே? அது ஒரு பாவமும் செய்யவில்லையே.

வீட்டில் நைனா கம்பைத் தூக்கினார். அம்மா பேசாமல் சின்னானை அவர் மடியில் வைத்தாள். கம்பைக் கீழே போட்டுவிட்டார். அன்றிலிருந்து யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. இன்றுவரை பங்களாவிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது.

எட்டு நாள் கழித்துத் தராசு விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். சின்னானைத் தூக்கிக்கொண்டு, கடைத்தெரு கூட்டமாக இருக்கும் நேரத்தில் நேராகக் கோதண்டம் கடைக்குப் போனாள்.

“கொயந்தைய தட்டுல வக்கக் கூடாதும்மா” என்று அவர் கையை வைத்து மறைத்தார்.

“வக்காமதான் இப்டி கீது. நீ கல்லப் போடு” என்றாள்.

மூன்று வீசை பன்னிரண்டு பலம். தட்டு ஆடியதும் சின்னான் பயந்து வீறிட்டு அழுதான். அம்மாவும் நானும் அவனைத் தூக்காமல், அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

என் பழைய கடிதங்கள் இரண்டும் எப்போது உனக்குக் கிடைக்குமோ. இதுவும் சேர்ந்தே கிடைக்கட்டும். இனிமேலும் நைனா சொல்ல நான் எழுதுவேன். சுகம் என்று எழுதச் சொன்னால் எழுதுவேன். ஆனால் கடைசி வரியில் சின்னான் எடை இருக்கும். எடை இல்லாமல் என் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தால் அதை நம்பாதே.

உன் தங்கச்சி
எல்லம்மா

3 வீசை 12 பலம்.