ஞாயிறு காலை எங்களுக்கு மின்சாரம் வேண்டாம்

அனுப்புநர்:
ஸாபா ஹன்னூஷ்,
உரிமையாளர், கீழ்த்தெரு ஜெனரேட்டர்,
ஐன் அல்-லௌஸ், வட லெபனான்.

பெறுநர்:
உயர்திரு கிளைப் பொறியாளர் அவர்கள்,
மின் வழங்கல் கிளை அலுவலகம்,
ஐன் அல்-லௌஸ்.

பொருள்: இலவச மருந்தகத்தின் கணினியில் புதிய இயங்குதளம் ஏற்றுவதற்காக, 21-9-2025 ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை எங்கள் ஊருக்கு அரசு மின்சாரம் வழங்காதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 24-8-2025, 7-9-2025 ஆகிய நாட்களில் தாங்கள் முன்னறிவிப்பின்றி வழங்கிய மின்சாரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. பொருளைப் படித்ததும் தங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அரசு மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் ஊருக்கு மின்சாரம் விற்றுப் பிழைக்கும் ஜெனரேட்டர்காரன், மின்சாரம் வேண்டாம் என்று மனுக் கொடுத்தால், ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாகத்தான் தெரியும். என் மனைவி தெரேஸே நம்பவில்லை. "பதினஞ்சு வருஷமா கரண்ட் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுக் கிடக்கிற ஆளு நீ. இன்னிக்குத்தான் அதை ஊருக்காக வேண்டிக்கிறே. எதுக்கும் நல்லா விளக்கி எழுது" என்றாள். ஆகவே விளக்கி எழுதுகிறேன். அந்த மூன்று மணி நேர ஓட்டத்துக்கு யாரிடமும் காசு வாங்க மாட்டேன் என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.

2. எங்கள் ஊர் இலவச மருந்தகத்தைத் திருமதி இன்ஆம் ஷம்ஸுத்தீன் நடத்திவருகிறார். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம் எனத் தினம் மருந்தில்லாமல் முடியாதவர்கள் அனைவரும் அங்கேதான் போகிறோம். நானும் இன்சுலின் போடுகிறவன். மருந்து தலைநகரத்துக் கிடங்கிலிருந்து வருகிறது. யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று மாதாமாதம் கணினி வழியாகக் கேட்டால்தான் அனுப்புவார்கள். மருந்தகத்தில் இருப்பது ஒரே ஒரு மேசைக் கணினி. அதுவும் யாரோ புண்ணியவான்கள் நன்கொடையாகத் தந்தது. இன்னொன்று தருவார் இல்லை. அந்தக் கணினியின் இயங்குதளம் பழையதாகிவிட்டதாம். இம்மாத இறுதிக்குள் புதியதற்கு மாறாத கணினிகளுடன் தன் இணைப்பு பேசாது என்று கிடங்கு அறிவித்துவிட்டது.

3. மாறுவதா, வேண்டாமா என்பதை இன்ஆம் தாமாக முடிவு செய்யவில்லை. மருந்து வாங்கும் எல்லோரையும் மருந்தக முற்றத்துக்கு அழைத்து, காபி கொடுத்து, இரண்டு பக்கத்தையும் சொன்னார். மாறாவிட்டால் மாதந்தோறும் வேன் ஏறி நகரத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். மாறும்போது பாதியில் மின்சாரம் அறுந்தால் கணினியே போய்விடலாம். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு வாக்குவாதம் நடந்ததில்லை, ஐயா. இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே என்று பாதிப் பேர். பழையது நன்றாகத்தானே ஓடுகிறது, அதன் வயிற்றில் ஏன் கத்தி வைக்கிறீர்கள் என்று ரொட்டிக்கடை ஹைஃபா அழவே தொடங்கிவிட்டார். கடைசியில் இன்ஆம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கும் பழசுதான் பிடிக்கும். எது எங்கே இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுக்கூடச் சொல்லுவேன். ஆனா எனக்குப் பிடிச்சதுக்காக நீங்க வேன் ஏறிப் போக முடியுமா?" மாறுவது என்று முடிவாயிற்று.

4. முதல் முயற்சி ஆகஸ்ட் 24. விடுமுறை நாளாகப் பார்த்து இன்ஆம் ஆரம்பித்தார். பாதி ஏறியிருந்தது. அப்போது தங்கள் மின்சாரம் வந்தது. அது எப்போது வரும் என்பது படைத்தவனுக்கும் தங்களுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அரசு மின்சாரம் வந்ததும் ஜெனரேட்டர் நிற்க வேண்டும் என்பது சட்டம். என் கொட்டகையில் அதற்கென்றே ஒரு தானியங்கி இருக்கிறது. ஒன்று நின்று மற்றொன்று பிடிப்பதற்கு இடையே கண் சிமிட்டும் நேரம் இருட்டு. அந்தச் சிமிட்டல் போதும், கணினி அணைந்தது. நல்லவேளையாக, மறுபடி போட்டபோது செய்ததையெல்லாம் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டுப் பழைய நிலைக்கே போய்ச் சேர்ந்தது.

5. இரண்டாவது முயற்சி செப்டம்பர் 7. இம்முறை தானியங்கியை நானே கழற்றிவைத்து, மின்சாரம் வந்தாலும் ஜெனரேட்டரை ஓடவிட்டேன். (இதற்காகத் தங்கள் ஆய்வாளர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார், அது நியாயம்தான், மறுக்கவில்லை.) மின்சாரமும் வந்தது. ஆனால் மின்சாரம் வந்தால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பது தங்களுக்குத் தெரியாதிருக்காது. தெருமுனையில் யாராவது "வந்துடுச்சு!" என்று கத்துவார்கள். சாப்பிடுகிறவர் சாப்பாட்டை விடுவார், சண்டை போடுகிறவர் சண்டையை விடுவார். தண்ணீர் மோட்டார், சலவை இயந்திரம், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். முடிதிருத்தும் அபூ நிமரின் கடை மருந்தகத்துக்கு எதிரே இருக்கிறது. குரல் கேட்டால் அவர் பாதி சவரத்தில் ஓடிப்போய், மருந்தக வாசலில் இருக்கும் மாற்றுக் கைப்பிடியை ஜெனரேட்டரிலிருந்து அரசுப் பக்கம் திருப்பிவிடுவார். என் தானியங்கியை நம்பாமல், இன்ஆமுக்குக் கொஞ்சம் காசு மிச்சமாகட்டும் என்று பல வருடமாக அவர் செய்துவரும் உபகாரம் அது. அன்றும் குரல் கேட்டது. அன்றும் ஓடினார்.

கைப்பிடியைத் திருப்பிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. சோப்பு நுரையோடு சவரக் கத்தியைப் பிடித்தபடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ இன்ஆம்! கரண்ட் வந்துடுச்சுன்னதும் காலு தானா ஓடிருச்சும்மா. என் கையை ஒடி!" என்றார். இன்ஆம் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல நீங்க பண்ணின உபகாரத்துல இது ஒண்ணுதான் வீணாப் போச்சு, மாமா. உள்ளே வாங்க, காபி போடறேன்" என்றார். நானாக இருந்தால் காபியை அவர் தலையில் ஊற்றியிருப்பேன்.

6. அன்றும் கணினி எப்படியோ திரும்பி வந்தது. ஆனால் நகரத்திலிருந்து வந்து பார்த்த பழுதுபார்ப்பவர் கையை விரித்துவிட்டார். "ரெண்டு தடவை அடி வாங்கியிருக்கு. இன்னொரு தடவை பாதியில நின்னா, இதுல மண்ணைக் கொட்டிப் புதினா வளத்துக்கோங்க" என்றார். மருந்தகத்தில் ஒரு பேட்டரி இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். அது இன்சுலின் வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கானது. அதைக் கணினிக்கு மாற்றலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். இந்த வெயிலில் அந்தப் பெட்டி நின்றால் யார் பொறுப்பு என்று இன்ஆம் கேட்டார், யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் கணினியைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கு ஊரே ஒத்துக்கொள்ளவில்லை. யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் போன சேதி பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

7. இந்த மனுவை அந்தக் கணினியிலேயே தட்டச்சு செய்தவர் இன்ஆம். அவரைப் பற்றிய இந்தப் பத்தியை மட்டும் தட்டச்சு செய்ய மறுத்துவிட்டபடியால் என் கையாலேயே எழுதுகிறேன்; கோழி கிளறியது போன்ற எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐயா, இந்த ஊரில் எல்லோருக்கும் என் மேல் கோபம் உண்டு. எனக்கும் எல்லோர் மேலும் கோபம் உண்டு. நாங்கள் அனைவரும் ஒரே பேச்சாகக் கேட்பது அந்த ஒருத்தி பேச்சைத்தான். மாறுவதில் ஆபத்து இல்லை என்று அவர் எங்களிடம் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டு முறை தோற்றும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. முந்தாநாள் மருந்து வாங்கப் போனேன். மூன்றாவது முறை துணிவதா என்று தூக்கமில்லாமல் கண் சிவந்து இருந்தார். அப்போதும் "சாப்பிட்டுட்டுத்தானே ஊசி போடறீங்க, அண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார். அதனால்தான் ஓநாயாக இருந்தாலும் இந்த மனுவை நானே கொண்டுவருகிறேன்.

8. ஆகவே 21-ஆம் தேதி ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை எங்கள் ஊர்ப் பாதைக்கு மின்சாரம் விடாதிருக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். ஜெனரேட்டருக்கு அனுமதி மட்டும் தந்தால் போதாதா என்றால், போதாது. மின்சாரம் வந்துவிட்டால் எங்கள் கைகள் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. ஊர் தன் பங்குக்குச் செய்திருக்கும் ஏற்பாடு: அந்த நேரத்தில் ஒரு வீட்டிலும் சலவை இயந்திரமோ இஸ்திரிப் பெட்டியோ ஓடாது. ஜெனரேட்டருக்குப் பாரம் கூடக் கூடாதென்று ஹைஃபா மாவு பிசையும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் பிசைவார். அபூ நிமர் காலை முழுவதும் இலவசமாக முடிவெட்டுவார். கையில் கத்தரி இருந்தால் வேறெங்கும் போகாது என்பது அவர் கணக்கு. முதல் ஆளாக உட்காருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். என் தலையில் வெட்டுவதற்கு எதுவுமில்லை என்று ஊர் நிராகரித்துவிட்டது.

எத்தனையோ மனுக்கள் எங்கள் ஊரிலிருந்து தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். எல்லாம் மின்சாரம் கேட்டு வந்தவை. இது ஒன்றுதான் வேண்டாம் என்று கேட்கிறது. இதை ஏற்றுக்கொள்வது தங்களுக்கு எளிது என்று நம்புகிறோம். பன்னிரண்டு மணிக்கு மேல் தாராளமாக அனுப்புங்கள். அழுக்குத் துணியோடு ஊரே காத்திருக்கும்.

காரியம் முடிந்ததும் தங்களுக்கு நன்றி சொல்லி அவசியம் எழுதுவோம். அந்தக் கடிதம் தட்டச்சில் வந்தால், மகிழ்ச்சியோடு பிரித்துப் படியுங்கள். என் கையெழுத்தில் வந்தால், பிரிக்கத் தேவையில்லை, ஐயா. என்ன நடந்ததென்று உறையைப் பார்த்தே தெரிந்துகொள்வீர்கள்.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
ஸாபா ஹன்னூஷ்
(கையொப்பம்)

இடம்: ஐன் அல்-லௌஸ்
நாள்: 11-9-2025

இணைப்பு: மருந்தகத்தில் மருந்து பெறுவோர் அனைவரின் கையொப்பம். அபூ நிமர் இரண்டு முறை போட்டிருக்கிறார், தடுக்க முடியவில்லை.