சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் கண்

அன்புள்ள அப்பா,

உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் நான் நலம். அங்கே நம் ஊர் இலோய்லோவில் மழை விட்டதா? முட்டிவலி தேவலையா?

எங்கள் கண் மருத்துவமனையில் நான் பார்த்துக்கொள்ளும் புதுக் கருவியில் ஒரு புள்ளி இங்குமங்கும் தாவும். பார்ப்பவரின் கண்ணும் கூடவே தாவுகிறதா என்று கருவி அளக்கும். நேற்று ஹாக் என்ற டாக்ஸிக்காரர் உட்கார்ந்தார். "பொண்ணே, புள்ளி பறக்குது. என் கண்ணு சிக்னலுக்கு சிக்னல் நின்னு நின்னு போகுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் போன பிறகு டாக்டர், அது பார்க்கின்சன் நோயின் தொடக்கமாக இருக்கலாம், கை நடுங்கும் முன்பே சிலருக்குக் கண்ணில் தெரிந்துவிடும், சிரிப்பதும் இமைப்பதும்கூடக் குறைந்துபோகும் என்றார்.

அது கிடக்கட்டும். சேவற்சண்டைக் களத்தில் நீங்கள் பந்தயம் கூவும்போது, பணம் கட்டக் கூட்டத்தில் யார் விரலை அசைத்தாலும் உங்கள் கண் அங்கே போய் நிற்குமே. இப்போது அம்மா போனில், "எதிர்ல நிக்கிறவன் கை காட்டினாக்கூட உங்கப்பா கண்டுக்கிறதில்ல, திமிரு ஏறிப்போச்சு" என்கிறாள்.

எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் வயதில் நோய்நொடி இல்லாத ஆட்கள் எங்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரு நடை வந்து போங்கள், டிக்கெட் நான் எடுக்கிறேன். வரும்போது கருவாடு கொண்டுவாருங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்கச் சம்மதித்ததில் உங்களுக்குக் கோபமா? வீடியோவில் சிரிக்காமல், இமைக்காமல் பார்க்கிறீர்கள். கோபம்தான் என்று சொல்லிவிடுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
ரொவேனா