பாலத்தடியில் பார்த்த காது

அக்டோபர் 5, 2025, ஞாயிறு

இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். என் தங்கை மகள் ஜூலியாவின் பெண் வினோலியாவுக்குக் கோவாக்காரன்தான் அமைவான் என்று, அவள் நர்ஸிங் சேர்ந்த அன்றே சொன்னவன் நான். யாரும் குறித்து வைக்கவில்லை. இன்று ஜூலியாவின் கிட்வாய் நகர் வீட்டில் நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை பிராங்ளின். நவம்பர் 22 கல்யாணம்.

மாப்பிள்ளையின் தாத்தா கயித்தான் ரயில்வே வேலைக்கு டில்லி வந்தவர். எண்பத்தைந்து வயது. கோவா என்றதும் நான் சும்மா இருப்பேனா? அறுபத்தொன்றில் போர்த்துக்கீசியனை விரட்ட நம் பட்டாளம் போனபோது நானும் லாரியில் போனேன். சுதந்திர நாட்டுக்குப் பதினாலு வயது, எனக்குப் பதினெட்டு. சமையல் உதவிதான். ஆனால் சோறு இல்லாமல் எவன் சண்டை போடுவான்? அப்படிப் பார்த்தால் கோவாவைப் பிடித்ததில் பாதி என் கை.

பாலத்தடியில் ஒளிந்திருந்த எதிரிப் போலீஸ்காரப் பையனுக்குத் தண்ணீர் கொடுத்து, என் சட்டையையும் போட்டுவிட்டு, 'ஓடிப் பிழைத்துக்கொள்' என்று அனுப்பிய கதையை இந்தியில் சொன்னேன். கயித்தான் கையிலிருந்த லட்டைத் தட்டில் வைத்துவிட்டார். அவர் தம்பி இனாசு போர்த்துக்கீசியப் போலீஸில் அந்தப் பக்கத்துப் பாலத்துக்குக் காவலாம். அந்தச் சண்டைக்கப்புறம் ஆளும் இல்லை, உடலும் இல்லை.

"இடது காது நுனி இருக்காது. நாய் கடித்தது. பார்த்தீர்களா?" என்றார்.

"பார்த்தேனே" என்றேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறென்ன சொல்வது?

அக்டோபர் 9

ஆர்.கே.புரம் பூங்காவில் நாலு பேருக்குப் பாலத்தடிக் கதையைச் சொன்னேன். நாலாவது ஆளுக்குச் சொல்லும்போது ஆற்றில் தண்ணீர் கழுத்தளவு வந்துவிட்டது.

அக்டோபர் 17

ஜூலியா போன் செய்தாள். தம்பி உயிரோடு இருக்கிறான் என்று கயித்தான் நம்பிவிட்டார். இருபத்தெட்டாம் தேதி கோவாவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் கல்யாணமாம். கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்கக் கொடுக்கும் இறந்தவர் பட்டியலில் அறுபத்து மூன்று வருஷமாக இருந்த இனாசு பெயரை அடித்துவிட்டாராம்.

"அவருக்கு ஹார்ட்ல ரெண்டு ஸ்டென்ட் இருக்கு மாமா. நீங்க பாத்தது நெசந்தானே?"

"நெசந்தாம்மா."

போனை வைத்துவிட்டு நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டுக்கு இன்னும் பதினோரு நாள்.

அக்டோபர் 21

தீபாவளிப் புகை. பூங்காவுக்குப் போகவில்லை.

அக்டோபர் 24

டூட்டி முடிந்து வினோலியா நேரே இங்கே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தாத்தா, கல்யாணம் தள்ளிப் போனா போகட்டும். அதுக்காக வரல. பிராங்ளின் தாத்தா நேத்து தம்பிக்குன்னு ரெண்டு சட்டை வாங்கியிருக்கார். சைஸ் தெரியல. கடைக்கார பையா கிட்ட, நடு சைஸா குடுங்கன்னு கேட்டாராம். சச் சொல்லுங்க, நெசத்தச் சொல்லுங்க. அந்தக் காதைப் பாத்தீங்களா?"

எண்பத்திரண்டு வயதுக்காரன் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அக்டோபர் 26

மெட்ரோவில் தனியாகக் கயித்தான் வீட்டுக்குப் போய்வந்தேன். பெட்டி கட்டி வைத்திருந்தார். இன்று எழுத முடியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பூசையில் ஃபாதர் பெயர்களை வாசித்தார். இனாசு பெயரும் வந்தது. பட்டியலில் அதை எழுதியது நான். கயித்தான் பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் தள்ளிவிட்டார். டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. கல்யாணம் சொன்ன தேதியில்தான்.

இருபத்தாறாம் தேதி அவர் வீட்டில் அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பாலத்தடியில் ஒரு பையன் இருந்தது நிஜம். தண்ணீர் கொடுத்ததும் நிஜம். சட்டை கொடுக்கவில்லை, என்னிடம் இருந்ததே ஒன்று. எழுந்து எந்தப் பக்கம் போனான் என்று தெரியாது.

"தண்ணீர் முழுசும் குடித்தானா?" என்று மட்டும் கேட்டார்.

குடித்தான் என்றேன். அதுவும் நிஜம்.

தலையில் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தான். புருவம் வரை இழுத்து விட்டிருந்தான். காதை நான் பார்க்கவே இல்லை.