கதவுக்காரியைக் காணோம்

அக்கா,

ஒரு திங்கட்கிழமை காலை தாயில்பட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். பின்னாலிருந்து அந்த இசை கேட்டது. கண்ணாடியில் பார்த்தால், பாக்கியத்தின் மடியில் தூக்குச்சட்டி, அதில் சாய்த்து வைத்த செல்போன், அதைச் சுற்றி ஐந்தாறு தலைகள். மெட்டை இழுத்து நீட்டி, ஏகப்பட்ட தாளம் சேர்த்திருந்தார்கள். ஆனாலும் எனக்குத் தெரியாதா? கதை தொடங்கும் முன் நீங்கள் வாயாலேயே வாசித்துக் காட்டுவீர்களே, அதே மெட்டு. வெள்ளைக்காரன் எடுத்த அந்த விண்வெளித் தொடர், ‘வான்கலம்’, திரும்ப வந்துவிட்டது அக்கா. புது ஆட்களைப் போட்டு முதலிலிருந்து எடுக்கிறார்கள். இப்போது டிவி கூட வேண்டாம், செல்போனிலேயே தமிழில் பேசுகிறது.

மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இந்தச் செய்தியை யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். உங்களைத் தவிர வேறு ஆள் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பழைய ‘வான்கலம்’ வந்த காலத்தில் நான் கம்பெனி வேனுக்குப் புதிதாக வந்த டிரைவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது ஓடும். ஊர்ப் பெண்களுக்கு ஞாயிறு என்றால் துணி துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றவுமே சரியாக இருக்கும். நீங்கள் ஒரு ஆள்தான் பஞ்சாயத்து டிவி அறையில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருப்பீர்கள். திங்கட்கிழமை காலை வண்டியில் மற்ற எல்லாருக்கும் நீங்கள்தான் டிவி.

பட்டாசு ஆலைக்குள் கதை பேச வழியில்லை. ஒரு அறைக்கு நான்கு பேர்தான், அறைக்கும் அறைக்கும் நடுவில் வெட்டவெளி. எல்லாரும் ஒன்றாக உட்காருகிற இடம் இந்த வண்டி மட்டும்தான். அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். கம்பெனி வாசல் கண்ணில் படும்போது விண்கலத்தில் தீப்பிடிக்கும், அல்லது கேப்டன் மயங்கி விழுவார். “மிச்சம் சாயங்காலம்” என்று சேலையை உதறிக்கொண்டு இறங்கிவிடுவீர்கள். பெண்கள் உங்களைத் திட்டிக்கொண்டே உள்ளே போவார்கள்.

நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? கதை சூடுபிடித்த நாட்களில் வெம்பக்கோட்டை விலக்கில் திரும்பாமல் சுற்றிக்கொண்டு போவேன். வாசலில் கணக்கப்பிள்ளை, “ஏம்லே லேட்டு?” என்று குதிப்பார். “ஆடு குறுக்க வந்துருச்சுண்ணே” என்பேன். மறுநாள் ஏறும்போதே நீங்கள் கேட்பீர்கள். “தம்பி, இன்னைக்கு ஆடு வருமா வராதா? அதுக்குத் தக்கன நான் கதைய நீட்டணும்ல.”

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் அதைப் பார்க்கச் சிவகாசியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ‘வான்கலம்’ வர வேண்டிய நேரத்தில் ஒரு அம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சொன்னார், “அத நிறுத்திட்டான்ப்பா. யாரும் பாக்கலையாம்.” அங்கே கதையில் கேப்டனும் ஆட்களும் பனிக்கிரகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாளைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கவலை.

மறுநாள் கண்ணாடியில் உங்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். “ம், சொல்லுங்க மதினி” என்று பாக்கியம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே உடைமரங்களைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் சுண்டிப்போயிருந்தது. நிறுத்திவிட்டான் என்று சொல்லப்போகிறீர்கள் என்றே நினைத்தேன். நீங்கள் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, “போன வாரம் எங்கன விட்டேன்?” என்று கேட்டீர்கள்.

கதவுக்காரி வந்தது அன்றைக்குத்தான்.

அவள் எங்கிருந்து வந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம்தான் வடக்கேயிருந்து பட்டாசு ஆர்டர் கொடுக்க வந்த ஒரு பெரிய வியாபாரி, பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு உங்கள் மருந்து அறைக்குள் கால் வைக்கப் போனார். ஷூ உரசிப் பொறி பறந்தால் மருந்து பற்றிக்கொள்ளும் என்று நீங்கள் வாசலை மறித்து நின்றீர்கள். “கழட்டிட்டு வாங்க. இல்லன்னா அங்கனயே நின்னு பாருங்க” என்றீர்கள். போர்மேன் ஓடிவந்து உங்கள் பக்கம்தான் பேசினார். வியாபாரி ஷூவைக் கழற்றினார். அந்த வாரமெல்லாம் வண்டியில் அதே பேச்சு. அடுத்த திங்கட்கிழமை பனிக்கிரகத்திலிருந்து கிளம்பும் விண்கலத்தின் எரிபொருள் அறை வாசலில் ஒருத்தி நிற்கிறாள். பருத்திச் சேலை, வெறுங்கால். கேப்டனையே மறிக்கிறாள். செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு வா என்கிறாள். உள்ளே நான்கு பேருக்கு மேல் கூடாது என்கிறாள். கேப்டன் ஷூவைக் கழற்றியதும் வண்டியே குலுங்கியது. நானும் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினேன்.

ஒருநாள் டீசல் போட நிறுத்தியபோது உங்களைச் சீண்டிப் பார்த்தேன். “அக்கா, டீக்கடைப் பெட்டியில வெண்டைக்காயில்ல நறுக்குதாக.” நீங்கள் கண் இமைக்கவில்லை. “அந்தப் பெட்டி பழுதுலே. எங்க ஊருப் பெட்டியில தெளிவா தெரியுது.” அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கதை நின்றுவிடுமே என்கிற பயம் எனக்கு.

வருடக்கணக்காகச் சொன்னீர்கள். ஆட்கள் மாறினார்கள், வண்டி மாறியது, கதை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. விண்கலம் பூமிக்குத் திரும்பிய நாளை மறக்க முடியாது. எல்லாரும் இறங்கிப் போன பிறகு கதவுக்காரி கடைசியாக வெளியே வந்து கதவைச் சாத்துகிறாள். வாசலில் வண்டியை நிறுத்தினேன், ஒருத்தரும் இறங்கவில்லை. நீங்கள்தான் சத்தம் போட்டீர்கள். “எந்திரிங்கடி, வேலைக்கு நேரமாச்சு.”

இப்போது புதியதற்கு வருகிறேன். ஊர் உலகமெல்லாம் ஒரே பேச்சாக இருக்கிறது. கேப்டனைப் பெண்ணாக மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் குதிக்கிறது. பழைய அட்டை விண்கலம் போல வராது என்று இன்னொரு கூட்டம். எல்லாமே இருட்டாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று வேறு சிலர். நம் வண்டியில் அந்தப் புகார் எதுவும் இல்லை. கேப்டன் பெண் என்றதும், “அதுக்கென்ன, நல்லாத்தான நிக்கா” என்று பாக்கியம் முடித்துவிட்டாள். இவர்களுடைய ஆத்திரமே வேறு.

“செருப்போட போறா பாரு! எரிபொருள் ரூமுக்குள்ள செருப்போட போறா!”

“அம்புட்டுப் பேரும் நைலான்ல மாட்டிருக்காக. ஒரு பொறி பட்டா என்னத்துக்கு ஆகும்?”

“ஒரு ரூமுக்குள்ள எத்தன பேரு நிக்காக, எண்ணிப் பாருங்கடி. போர்மேன் இல்லையா அந்தக் கம்பெனில?”

எல்லாவற்றுக்கும் மேலே, கதவுக்காரியைக் காணோம். அடுத்த பகுதியில் வருவாள் என்று பார்த்தார்கள், அதற்கடுத்ததிலும் பார்த்தார்கள். வரவே இல்லை. உங்கள் மகள் செல்வியும் இப்போது நம் வண்டியில்தான் வருகிறாள், பாக்கிங் வேலைக்கு. அவள்தான் எல்லாருக்காகவும் அந்தத் தொடருக்குக் கீழே கருத்து எழுதினாள். ‘பழைய தொடரில் வந்த கதவுக்காரியை ஏன் எடுத்துவிட்டீர்கள்? எங்க அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், கதையே அவள்தான்’ என்று.

மறுநாள் ஏறும்போதே அவள் முகம் சரியில்லை. பாக்கியம் துருவித் துருவிக் கேட்டதும் செல்போனை எடுத்து வாசித்தாள். ‘அப்படி ஒரு ஆளே கிடையாது, நான் எல்லாப் பகுதியும் பார்த்தவன்’ என்று ஒருவன். ‘கனவு கண்டீங்களா?’ என்று இன்னொருவன். ‘உங்க அம்மா உங்களுக்கு நல்லா ரீல் விட்டிருக்காங்க’ என்று மற்றொருவன். அதற்குக் கீழே நூறு பேர் சிரித்து வைத்திருந்தார்கள்.

“இவனுக என்னத்தக் கண்டானுக?” என்று பாக்கியம் சீறினாள். செல்வி என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, நீங்க டவுன்ல பாத்தீகள்ல? கதவுக்காரி இருந்தாளா இல்லையா? எங்கம்மா எங்களுக்குப் பொய்யா சொல்லிச்சு?”

ஓடைப் பாலம் தாண்டி வண்டியை ஓரங்கட்டினேன். இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளையின் மனது அந்த நிமிடமே ஆறிவிடும். ஆனால் அப்படிச் சொன்னால் கதவுக்காரியைத் தூக்கி யாரோ முகம் தெரியாதவனுக்குக் கொடுத்தது போல் ஆகும். உங்கள் சொத்தை நானே எடுத்துக் கொடுப்பதா? எனக்கு மனம் வரவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன்.

“இல்லத்தா. டிவில கதவுக்காரி கெடையாது. அவன் பாதியிலயே நிறுத்திட்டான். பனிக்கிரகத்துல மாட்டுன வரைக்கும்தான் அவன் கதை. அதுக்கப்புறம் இந்த வண்டில நாம கேட்டது அம்புட்டும் உங்கம்மா கட்டுனது.”

செல்வி என்னையே பார்த்தாள்.

பாக்கியம்தான் மெதுவாக ஆரம்பித்தாள். “அப்போ ரெண்டு நிலா உள்ள ஊரு?”

“அக்காதான்.”

“அங்கன நடந்த கல்யாணம்? பொண்ணு வீட்டுக்காரவுக கோவிச்சுக்கிட்டுப் போனது?”

“அதுவும் அக்காதான்.”

“கேப்டன் செருப்பக் கழட்டுனது?”

“அதுதான் அக்கா முதல்ல கட்டுனது.”

“ஏ ஆத்தீ!” என்று பாக்கியம் தலையில் கை வைத்தாள். “வெள்ளக்காரனுக்கு எம்புட்டு மூளைன்னுல்ல இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்!”

வண்டி முழுக்கச் சிரித்தது. பாக்கியம் சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். செல்வி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “மொதல்லயே தெரியுமா மாமா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கவாட்டில் அப்படியே உங்கள் முகம்.

கம்பெனி வாசலில் செல்போனை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். செல்வி மட்டும் வண்டி நிழலில் நின்று கட்டைவிரலால் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். காவலாளி, “வாத்தா, நேரமாச்சு” என்று கூப்பிட்டதும் ஓடிப்போய்க் கொடுத்தாள். சாயங்காலம் ஏறும்போது என் முன்னால் நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

‘நீங்கள் சொல்வது சரி. பழைய தொடரில் கதவுக்காரி இல்லை. நீங்கள் பார்த்தது பாதியில் நின்றுபோன கதை. மிச்சக் கதையை எங்க அம்மா பட்டாசு ஆலை வேனில் திங்கட்கிழமைதோறும் சொன்னார்கள். கதவுக்காரி எங்க அம்மாவுக்குப் பிறந்தவள். எனக்கு அக்கா முறை வேணும்.’

அக்கா, நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். அதைப் படித்தபோது எனக்கு வந்த பெருமையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வண்டியில் பிறந்த ஒரு பெண்பிள்ளை, அந்தக் கதவுக்காரி, ஊர் உலகம் பேசுகிற இடத்தில் போய் நிமிர்ந்து நிற்கிறாள்.

அதற்குக் கீழேயும் எழுதியிருந்தார்கள். ரீல் விட்டார்கள் என்று சிரித்தவனே முதலில் வந்திருந்தான். ‘மன்னிச்சுக்கங்க. அப்புறம் அந்தப் பனிக்கிரகத்திலிருந்து எப்படித் தப்பித்தார்கள்?’ என்று கேட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர், கதவுக்காரி கேப்டனை உள்ளே விட்டாளா, ஊர் திரும்பினார்களா என்று. “கேக்காக மாமா” என்றாள் செல்வி. பின்னாலிருந்து பாக்கியம், “நீட்டி எழுதுடி, நான் சொல்லுதேன்” என்று எட்டிப் பார்த்தாள்.

‘வான்கலம்’ பார்த்தவர்கள் எத்தனை நாட்டில், எத்தனை பேர் இருப்பார்களோ, எனக்குத் தெரியாது. அவர்கள் எல்லாரையும் பனிக்கிரகத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான் டிவிக்காரன். ஊர் வந்து சேர்ந்தவர்கள் ஒரே ஒரு வேனில் வந்த பெண்கள் மட்டும்தான். அந்த வேனை ஓட்டியவன் நான், அக்கா.