கையோடு கொண்டுபோன தண்ணீர்

1939 சனவரி 17, செவ்வாய்

காலையில் எழும்பினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. விரலால் கிளப்பிவிட வேண்டியிருக்கிறது. தேத்தண்ணீர் குடித்தால் துருப்பிடித்த தகரத்தை நக்கின மாதிரி. கதலிப்பழம் வாயில் மண்ணாகக் கிடந்தது. துப்பிவிட்டேன்.

கொழும்பில் கன்னத்துக்கு ரேடியம் வைத்துப் புற்றைக் கரைத்து அனுப்பி மூன்று மாதம். உயிர் தப்பியது, சரி. எச்சிலும் சேர்ந்து போய்விட்டதே! அப்பச்சோடா போட்ட தண்ணீரைப் போத்தலில் வைத்துக்கொண்டு அடிக்கடி வாயை நனைக்கச் சொன்னார் டாக்குத்தர். தபால் கந்தோரில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய நான், பால்போத்தலோடு திரியும் குழந்தை மாதிரித் திரிகிறேன்.

ஊருக்குச் சொல்லியிருப்பது பல்லுக்கு வைத்தியம் என்று. புற்று என்று தெரிந்தால் குடும்ப வருத்தம், பரம்பரை நோய் என்பார்கள். பிறகு மகள் குணலட்சுமியை யார் கட்டுவான்?

சனவரி 20

எங்கள் கோப்பாயில் எனக்குப் பல்வைத்தியம் சொல்லாமல் மிச்சமிருந்த ஒருவரும் இன்று வந்து, பல்லுக்கு வேப்பங்குச்சிதான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். ஓம் ஓம் என்றேன்.

சனவரி 22, ஞாயிறு

தரகர் பரமலிங்கம் வந்தார். உரும்பிராய்ச் சம்பந்தம் பொருந்தியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு மானிப்பாயில் வாத்தியார் வேலை. வெள்ளிக்கிழமை நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

மாப்பிள்ளை கண்ணாடி போட்டவரோ என்று குணம் தாயிடம் கேட்டாளாம். இதற்கு முன் வந்த சம்பந்தம் எதைப் பற்றியும் அவள் ஒன்றும் கேட்டதில்லை. இது எப்படியாவது சரிவர வேண்டும்.

சனவரி 27, வெள்ளி

போய் வந்தோம். மாப்பிள்ளையின் தகப்பன் நாகலிங்கம் அதிகம் கதைக்காதவர். தாய் ஞானாம்பிகை ஒரு தட்டம் நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்து வைத்தார். எத்தனையோ பலகாரம் இருக்க, அந்தக் காய்ந்த மாவுருண்டைதானா? ஒன்றைக் கடித்தேன். மா அண்ணத்தில் அப்பிக்கொண்டது. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. நாகலிங்கம் சீதனக் காணியைப் பற்றிக் கேட்கிறார், நான் தலையை ஆட்டுகிறேன். மூச்சு முட்டியது. பக்கத்தில் அவர்கள் வைத்த செம்பில் தண்ணீர் இருந்தது. ஆனால் பழகின கை சால்வைக்குள் போய்விட்டது. என் போத்தலை எடுத்துக் குடித்துத்தான் அதை உள்ளே இறக்கினேன்.

மனைவி சிவக்கொழுந்து என் காலை மிதித்தாள். பணியாரத்தை மிச்சம் விட்டதற்காக்கும்.

சனவரி 29, ஞாயிறு

பரமலிங்கம் வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"என்ன வேலை செய்தியள் அண்ணை? கலியாணம் பேசப் போறவன் தண்ணியைக் கையோடை கொண்டு போறவனோ?"

வாய் காய்ந்தது என்றேன்.

"செம்பு பக்கத்திலைதானே இருந்தது. எங்கடை கிணத்துத் தண்ணி குடிச்சால் இவைக்குச் சாதி குறைஞ்சு போமோ எண்டு அந்த மனிசி அழுகுது. அவவின்ரை தாய்வழியைப் பற்றி முந்தி ஆரோ ஒரு பொய்க்கதை கட்டிவிட்டவை. நீங்கள் போய் அதிலையே குத்தியிருக்கிறியள்."

சம்பந்தம் வேண்டாமாம்.

சாதியாம், மண்ணாங்கட்டியாம்! என் வாயில் எச்சில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அதை யாரிடம் சொல்ல? சொன்னால் நான் புற்றுக்காரன், கலியாணம் போகும். சொல்லாவிட்டால் சாதித் திமிர் பிடித்தவன், அப்போதும் கலியாணம் போகும். எனக்கு வந்த வருத்தத்துக்குக் குணம் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

சனவரி 30

குணம் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெப்ரவரி 1

கொழுந்தோடு சண்டை. "பேசாமல் இருங்கோ, வேறை இடம் பாப்பம்" என்கிறாள். எந்த இடத்துக்குப் போனாலும் இந்த வாய் கூடத்தானே வரும்?

பெப்ரவரி 3, வெள்ளி

ஒருவரிடமும் சொல்லாமல் உரும்பிராய்க்கு நடந்தேன். போத்தல் கொண்டுபோகவில்லை. பாதி வழியிலேயே நாக்கு விறகுக்கட்டை.

நாகலிங்கம் புகையிலைத் தோட்டத்தில் நின்றார். வாருங்கோ என்று சொல்லவில்லை. வாயைத் திறந்து, கன்னத்தின் உள்ளே இருக்கும் தழும்பைக் காட்டினேன். மாட்டுச் சந்தையில் நின்ற மாதிரி வெட்கமாக இருந்தது.

"புற்று வந்தது. ரேடியம் வைச்சது. எச்சில் ஊறாது. அதுதான் தண்ணி கொண்டு வந்தனான். உங்களைக் குறைவாய் நினைச்சு இல்லை."

இவ்வளவையும் சொல்வதற்குள் உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. அவர் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளி வந்து ஊற்றினார். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன்.

"பெடியன்ரை தாயிட்டைக் கேக்கவேணும்" என்றார். இந்தச் சம்பந்தத்தை நானே வெட்டிவிட்டேனோ?

பெப்ரவரி 8

பதில் இல்லை. வாயும் அப்படியே.

பெப்ரவரி 12, ஞாயிறு

மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் நாகலிங்கமும் ஞானாம்பிகையும் வந்து இறங்கினார்கள். கொழுந்து பதறியடித்து இலை போட்டாள். ஞானாம்பிகை சோற்றைக் குழைத்து ஒரு வாய் வைத்துவிட்டு, "கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புக் காணாது" என்றார். பிறகு அதே குழம்பை இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். என் கோப்பையையும் எட்டிப் பார்த்தார்.

"உதென்ன கஞ்சி? எங்கடை வீட்டை வரேக்கை நான் நெய் விட்டு வடிவாய்க் கரைச்சுத் தாறன்."

அவர்கள் போனதும் கொழுந்து பொரிந்து தள்ளினாள். "கலியாணம் முடிய முன்னமே என்ரை சமையலிலை குறை பிடிக்கத் தொடங்கியிட்டா. இஞ்சாருங்கோ, நீங்கள் சொல்லுங்கோ, உப்புக் காணாதோ?"

ஊரில் வேறு ஆளே இல்லையென்று ருசியே தெரியாத என்னைப் போய்க் கேட்கிறாள். காணாது என்றேன். குசினிக்குள் குணம் வாய்விட்டுச் சிரித்தாள்.