சுண்ணாம்பு அடித்த கல்

இராஜபாளையம்,
10-11-1943.

கர்த்தருடைய கிருபையால் பட்டாளத்தில் சுகமாக இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, தேவகிருபை தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் சின்னவளும் சுகம். அவளுக்கு இருமல் நின்றுவிட்டது.

ஊருக்கு வெளியே யுத்தத்துக்காக விமானத் திடல் போடுவதாக முன்பே எழுதியிருந்தேன். இப்போது ஊர் பிழைப்பதே அதை வைத்துத்தான். முட்டை, கோழி, விறகு எல்லாம் அங்கேதான் போகிறது. வண்டிக்காரர்களுக்கு நிற்க நேரமில்லை. முட்டை சப்ளை உங்கள் சித்தப்பாவுக்கு. அது எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். நம் சபைக் கல்லறைத் தோட்டமும் திடலுக்குள் வந்துவிட்டது. சபை மூப்பர் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சம்மதக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கற்களைப் புது இடத்தில் நடுவதாகச் சொன்னார். நம்பினோம். இன்றுவரை ஒரு கல்லும் நடவில்லை.

போன மாதக் கடைசியில் எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. விமானம் இறங்கும் பாதையின் ஓரத்தில் பதித்த கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை. கல்லறைத் திருநாள் நெருங்குகிறதே, அத்தை கல்லறைக் கல்லுக்கு இந்த வருஷம் எங்கே போய்ச் சுண்ணாம்பு அடிப்பது என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். மூன்றாம் நாள் ஒரு கல் சரிந்து கிடந்தது. புரட்டினால் அடிப்பக்கம் சிலுவை. அதன்கீழ் ஞானரத்தினம் என்று, நீங்கள் பட்டாளம் போகுமுன் உளியால் வெட்டிய அதே எழுத்து. உங்கள் அம்மாவின் கல். முந்தின இரண்டு நாளும் யார் யார் கல்லுக்கு அடித்தேனோ! மேஸ்திரி பேச்சிமுத்து, "ஏட்டி, கல்லுல என்ன படிச்சிக்கிட்டிருக்க, சுண்ணாம்ப அடி" என்றார். வாளியைப் போட்டுவிட்டுக் கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இனி எனக்கு அங்கே வேலையில்லை.

சித்தப்பாவிடம் கேட்டேன். "செத்தவியளா வந்து கேக்கப் போறாவ? பிளேனு வந்த பொறவுதான ஊருல அடுப்பு எரியுது" என்றார், வெற்றிலையைத் துப்பிவிட்டு. சீ, அவரும் ஒரு மனிதரா! மறுநாள் சின்னவளுக்கென்று நாலு முட்டை கொடுத்தனுப்பினார். நாலையும் சாக்கடையில் உடைத்தேன். சபையார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் வீட்டிலிருந்தும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். நான் மட்டும் யோக்கியமா? அந்தக் கூலி அரிசியை நானும்தானே பொங்கித் தின்றேன். என் கையைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கல் அடுப்படிக்குப் பின்னால் இருக்கிறது. அத்தையை அடக்கிய இடம் விமானம் இறங்கும் பாதைக்கு அடியில் போய்விட்டது.

லீவு கிடைத்தால் நம் ஊர்த் திடலிலேயே விமானத்தில் வந்து இறங்குவேன் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அதில் வராதீர்கள். எத்தனை நாளானாலும் ரயிலில் வாருங்கள். ஸ்டேஷனில் நானும் சின்னவளும் நிற்போம். கர்த்தர் உங்களை வேறு எங்கே இறக்கினாலும் சரி, அங்கே மட்டும் இறக்காதிருப்பாராக.

தங்கள்,
தேவகிருபை.