கவிட்டு வைச்ச மீன்

இஞ்சாருங்கோ,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த ஒரு சொல்லுக்குத்தான் திரும்பிப் பாத்தனீங்கள். இப்பவும் ஒருக்காத் திரும்புங்கோ. கதை கொஞ்சம் நீளம், நான் நல்லாக் களைச்சுப் போனன், நிண்டு நிண்டுதான் சொல்லுவன்.

ஊர்ப் புதினம் பெரிசா ஒண்டுமில்லை. கரண்ட் எடுக்கிற பெரிய காத்தாடியள் சுத்துது, கரண்ட் போகுது. கழுதையள் வேலியைப் பிச்சுக்கொண்டு உள்ள வந்து உங்கட முருங்கைக்குக் கீழ படுக்குதுகள். முந்தியெண்டால் தடியோட ஓடுவன். இப்ப நான் ஒரு மூலையில, அதுகள் ஒரு மூலையில. கலைக்கிறதுக்குச் சீவனில்லை.

இந்தக் கடிதத்தைக் கோயில் மலரில போடப் போகினமாம், றீற்றா எழுதித் தரச் சொல்லிக் கேட்டவ. எங்கட பக்கத்து வீட்டுச் சூசை அண்ணையின்ர மனுசி கேட்டால் நான் மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே? வாசிக்கிற சனத்துக்கு விளங்க வேணும், அதால உங்களுக்குத் தெரிஞ்சதையும் சொல்லுவன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

சனங்களே, என்ர மனுசன் எஞ்சின் திருத்துறவர். படகு எஞ்சின், வயலுக்குத் தண்ணி இறைக்கிற எஞ்சின், எல்லாம். உழைச்சு வந்து கை கழுவினால் அவருக்கு ஒரேயொரு விசர், கோணல் கடுதாசி. விளையாடுற கடுதாசிதான், ஆனால் நாலு மூலையும் நேரா இருந்தால் அவருக்குப் பிடியாது. மடுத் திருவிழாக் கடையில வட்டமா ஒரு கட்டு வாங்கினதில தொடங்கினது. பிறகு வெளிநாட்டுக்குப் போற ஆரையும் விட்டு வைக்கேல்லை. "எனக்குச் சொக்லேட் வேண்டாம், சேட்டு வேண்டாம், கோணலா ஒரு கட்டுக் கண்டால் கொண்டு வாங்கோ" எண்டு சொல்லி அனுப்புவார். போத்தல் மாதிரி வந்தது, இருதயம் மாதிரி வந்தது, பாம்பு நெளிஞ்ச மாதிரி வந்தது, நகத்தளவில ஒண்டு வந்தது. என்ர சேலை அலுமாரியில பாதி அதுகளுக்குத்தான். நான் ஏசாத நாளில்லை.

அதில ஒண்டுதான் மீன் கட்டு. ஞாபகம் இருக்கே, அது வந்த அண்டைக்கு நடந்த சண்டை? சூசை அண்ணை அதைப் பாரை எண்டார், நீங்கள் விளைமீன் எண்டு நிண்டனீங்கள். அடம்பனில இருந்து வாற கந்தையா அண்ணை வயல்காரன், அவருக்கு எல்லா மீனும் ஒண்டுதான். கடைசியில, "இது எந்தக் கடலிலயும் இல்லாத மீன், சும்மா இருங்கோ" எண்டு றீற்றாதான் முடிச்சு வைச்சவ.

பாரிசவாதம் வந்து உங்கட வலக்கை விழுந்தாப் பிறகுதான் அந்த மீனின்ர அருமை தெரிஞ்சது. சாதாரணக் கடுதாசி உங்கட கையில நிக்காது, பொலுபொலெண்டு கொட்டும். மீனெண்டால் வால் ஒடுக்கம், தலை அகலம். வாலுகளைச் சேர்த்து இடக்கைக்குள்ள குடுத்தால் தலையள் தன்பாட்டில விரிஞ்சு நிக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பக்கத்தில குந்தியிருந்து, நீங்கள் கண்ணால காட்டுற மீனை உருவிப் போட்டனான். முந்நூற்றிநாலு விளையாட்டை அப்பிடித்தான் நான் பழகினனான். நாலு பேர், எதிரெதிரா இருக்கிற ரெண்டு பேர் ஒரு கட்சி, ஏழுக்குக் கீழ உள்ள சின்னக் கடுதாசி வேண்டாம். இத்தனை புள்ளி எடுப்பம் எண்டு கேள்வி கேட்டு எடுக்கிற ஆள், ஆட்டின், ஸ்கோப்பன், கலாவரை மாதிரி ஒரு இனத்தைத் துரும்பாக்கி, அதில ஒண்டை ஒருத்தருக்கும் காட்டாமல் கவிட்டு வைப்பார். ஆராவது துரும்பால வெட்டும் வரைக்கும் அதைத் திறக்கேலாது. எங்கட வீட்டு முத்தத்துக் காத்துக்கு அது பறந்து மல்லாந்திடும் எண்டு, அதுக்கு மேல ஒரு சிப்பியை வைக்கிறது நீங்கள் கொண்டு வந்த வழக்கம்.

உங்கட மற்ற வழக்கத்தையும் சொல்லட்டே? இந்த விளையாட்டில ஜாக்கிதான் எல்லாத்துக்கும் பெரிசு. மூளை உள்ள ஒருத்தனும் அதைக் கவிட்டு வைச்சு முடக்கமாட்டான். நீங்கள் வைப்பியள். "பெரிசு கீழ கிடந்தால்தான் எனக்கு நிம்மதி" எண்டுவியள். சூசை அண்ணை உங்கட கட்சி, தலையில அடிச்சுக்கொள்ளுவார்.

நீங்கள் போய் முப்பத்தொண்டாம் நாள் முடிஞ்ச கையோட சூசை அண்ணைதான் வந்து கேட்டவர். "தங்கச்சி, அவன்ர கதிரை சும்மா கிடக்கு. வந்து குந்து." நான் குந்தினன். ஊர் கதைச்சது, புருசன் போன சூடு ஆறேல்லை, இவள் கடுதாசி விளையாடுறாள் எண்டு. கதைக்கட்டும். கிழமையில ஆறு நாளும் நான் எழும்பிறதே பெரும்பாடு. தேத்தண்ணியோட பாணைத் தோய்ச்சுத் திண்டுபோட்டுத் திரும்பப் படுக்கிறது. சனிக்கிழமை மட்டும்தான் தலை இழுத்து, சேலை மாத்தி, அடுப்பு மூட்டிறது. பின்னேரம் கந்தையா அண்ணை தயிர்ச் சட்டியோட பஸ்ஸால இறங்குவார். கடைசி அடம்பன் பஸ் வரும் மட்டும் நான் ஒரு மனுசியா இருப்பன். அந்த ஒரு நாளை வைச்சுத்தான் மற்ற நாளெல்லாம் ஓடினது.

அதுக்குத்தான் எங்கட மூத்தவன் அன்ரன் கனடாவில இருந்து வந்து வேட்டு வைச்சவன்.

பாவம், அவனை ஏசாதேங்கோ. உங்கட ஆண்டுப் பூசைக்கெண்டு லீவெடுத்து வந்த பிள்ளை. எல்லாரும் குடுக்கிற மாதிரி நினைவு அட்டை குடுக்கக் கூடாது, அப்பான்ர ஆசைப் பொருளைத்தான் குடுக்க வேணும் எண்டு எனக்குத் தெரியாமல் யோசிச்சிருக்கிறான். அலுமாரியைத் திறந்து, எது நல்லாப் பாவிச்சுத் தேய்ஞ்சிருக்கோ அதுதான் அப்பாக்குப் பிடிச்சது எண்டு மீன் கட்டை எடுத்திருக்கிறான். மன்னார் ரவுணில உங்கட படம் அடிச்சு, மீன் அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு மீனின்ர முதுகிலயும் ஒட்டிப்போட்டான். பூசை முடிஞ்சு கோயில் வாசலில நிண்டு சனத்துக்குக் குடுத்தான். முதல் மீன் எனக்குத்தான். பின்பக்கம் நீங்கள் சிரிக்கிறியள், கீழ நித்திய இளைப்பாற்றிச் செபம். திருப்பிப் பாத்தன், கலாவரை ஏழு. எங்கட சனிக்கிழமைக் கட்டு!

அவன்ர கண்ணில தண்ணி. "அம்மா, சந்தோசமே?" எண்டு கேட்டான். ஓம் எண்டன்.

உங்களுக்கு நித்திய இளைப்பாற்றி. எனக்கு அரை மணித்தியாலம் கிடைச்சால் காணும்.

அவன் திரும்பிக் கனடா போன கிழமை, சனிக்கிழமை, கந்தையா அண்ணை தயிரோட வந்திட்டார். மீன் கட்டு வைக்கிற பிஸ்கட் ரின்னைத் திறந்தால் வெறும் ரின். நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு மீனை எடுத்து மேசையில வைச்சிட்டு ஆளையாள் பாத்தம். "மச்சான் வேதத்தில வாற யோனா மாதிரி மீன் வயித்துக்குள்ள போயிட்டான்" எண்டு சூசை அண்ணை சொன்னார். ஒருத்தரும் சிரிக்கேல்லை.

வேற கட்டு இல்லையோ எண்டு கேப்பியள். எடுத்தம். வட்டக் கட்டு காத்தில உருண்டு கிணத்தடிக்குப் போச்சு. பாம்புக் கட்டில எது தலை எது வால் எண்டு கந்தையா அண்ணைக்குத் தெரியேல்லை. எனக்கும் இப்ப விரல் மடங்குதில்லை, மீன் வாலைத் தவிர வேறெதையும் பிடிக்கிறது பெரும்பாடு. கடைசியா றீற்றா கடையில சாதாரணக் கட்டு ஒண்டு வாங்கி வந்தா. விளையாடினம். விளையாட்டு விளையாட்டா மட்டும்தான் இருந்தது. நீங்கள் செத்தது எனக்கு அண்டைக்குத்தான் சரியா விளங்கினது. பஸ்ஸுக்கு நேரம் கிடக்க கந்தையா அண்ணை எழும்பிப் போயிட்டார். அடுத்த சனி அவர் வரேல்லை. நானும் தலை இழுக்கேல்லை.

"கேட்டு வாங்குவம்" எண்டா றீற்றா.

"விசரே உனக்கு? செத்த மனுசன்ர படத்தைத் திருப்பித் தாங்கோ எண்டு வீடு வீடாப் போய்க் கேக்கிறதே?"

"அவைக்குப் படம்தானே வேணும். உனக்கு மற்றப் பக்கம்தானே வேணும்."

நல்ல மூளைக்காரி. இதில நான் செய்ததை நீங்கள் மன்னிக்க வேணும். உங்கட இருதயக் கட்டு, ஒரு கடுதாசி குறையாமல் நீங்கள் துணியில சுத்தி வைச்சிருந்த அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போனன். அதே படத்தை அதில ஒட்டுவிச்சன். முழுசா வைச்சிருந்து நான் என்ன செய்ய? உங்கட பொக்கிசத்தைப் பிரிச்சுத்தான் உங்கட பழசை மீட்டனான்.

வெயிலுக்குள்ள குடையைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டு பொம்பிளையளும் நடந்தம். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. கனபேர் சந்தோசமாத்தான் மாத்தித் தந்தவை. மீனைத் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில வைச்சிருந்தவைக்கு இருதயம் கிடைச்சது இன்னும் பொருத்தமாப் போச்சு. ஒரு மீன் வெள்ளாங்குளத்துக்குக் கலியாணம் கட்டிப் போன பிள்ளையோட போயிட்டுது எண்டு அறிஞ்சு கந்தையா அண்ணை பஸ்ஸெடுத்துப் போய் வாங்கி வந்தார். வாயில்லாத மனுசன், ஆனால் போனார்.

பீற்றர்தான் ஏலாதெண்டு நிண்டவன். உங்களிட்டப் படகு எஞ்சின் குடுத்துத் திருத்தின அதே பீற்றர். மீனைப் பொலித்தீனில சுத்தி எஞ்சினோட கட்டி வைச்சிருக்கிறான்.

"அக்கா, அண்ணை எஞ்சினில இருக்கிறார். கழட்டினால் ஸ்டார்ட் வராது."

"இதுவும் அண்ணைதானேயடா, பார்."

"இது இருதயம் அக்கா. கடலுக்கு மீன்தான் சரி."

அவன்ர வள்ளத்து விளிம்பிலேயே குந்தியிட்டன். "எனக்கும்தான் தம்பி, சனிக்கிழமையில ஸ்டார்ட் வருகுதில்லை" எண்டன். அவன் எஞ்சினைச் சுத்தியிருந்த கயித்தை அவிட்டான். அது ஆட்டின் ஒன்பது, இருதயம் போட்ட கடுதாசி.

போன சனிக்கிழமை எல்லாத்தையும் மேசையில பரப்பினம். விளையாட வேண்டிய முப்பத்திரண்டில ஒண்டு மட்டும் இல்லை. மேசைக்குக் கீழ தேடினம், ரின்னைத் தட்டினம், றீற்றா என்ர செபப்புத்தகத்தைக்கூட உதறிப் பாத்தா. ஸ்கோப்பன் ஜாக்கியைக் காணேல்லை.

அன்ரனுக்கு ஃபோன் எடுத்தன். ஏன் கேக்கிறன் எண்டு சொல்லேல்லை. எல்லாத்தையும் சனத்துக்குக் குடுத்தனியோ எண்டு மட்டும் கேட்டன். "ஓம் அம்மா. ஒண்டை மட்டும் அப்பான்ர கல்லறையில வைச்சுக் கண்ணாடி போட்டுச் சீமெந்து பூசினனாங்கள். நீங்கள் பாத்தனீங்கள்தானே?" எண்டான். எது எண்டு தெரியாதாம், கைக்கு வந்ததை வைச்சவனாம்.

பாத்தனான்தான். ஒவ்வொரு ஞாயிறும் சேமக்காலைக்குப் போய் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறனான். உங்கட முகத்தைத்தான் பாத்தனான். மற்றப் பக்கம் என்ன கிடக்கு எண்டு நான் எங்க நினைச்சன்?

ஃபோனை வைச்சிட்டுச் சொன்னன். சூசை அண்ணை முதலில சிரிச்சார். மேசையில கையால அடிச்சுச் சிரிச்சார். "பார் தங்கச்சி, அங்க போயும் இந்த விசரன் ஜாக்கியைத்தான் கவிட்டு வைச்சிருக்கிறான்!" சிரிச்சுக்கொண்டிருந்த மனுசன் அப்பிடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிட்டார். ஒரு வருசமா அவர் அழுது நான் காணேல்லை.

"உடைச்சு எடுத்துப்போட்டுத் திரும்பப் பூசலாம், மேசனைக் கேப்பமோ?" எண்டு கந்தையா அண்ணை மெல்லமாக் கேட்டார்.

வேண்டாம் எண்டன். ஒருத்தரும் வெட்டாமல் துரும்பைத் திறக்கிற வழக்கம் எங்கட மேசையில இல்லை.

ஸ்கோப்பன் ரெண்டை ஜாக்கியெண்டு வைச்சுக்கொண்டு விளையாடினம். சூசை அண்ணை பிரிச்சுப் போட்டார். மூண்டு பேரும் மீனுகளை விரிச்சுப் பிடிச்சினம். ஐயோ, அப்பதான் நான் கண்டனான். எந்தக் கையைப் பாத்தாலும் நீங்கள். சூசை அண்ணையின்ர கையிலயும் நீங்கள், றீற்றாவின்ர கையிலயும் நீங்கள், எல்லாப் பக்கத்தாலும் என்னைப் பாத்துச் சிரிக்கிறியள். என்ர கையில இருந்த நீங்கள் மற்ற மூண்டு பேரையும் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். எனக்குக் கண் மறைச்சுப்போச்சு. எதைப் போட்டன் எண்டே தெரியாது. முதல் ஆட்டம் தோத்துப் போனம். சூசை அண்ணை ஏசினார், உங்களை ஏசிற அதே ஏச்சு. எனக்குக் கோவம் வந்தது. கோவம் வந்து எவ்வளவு காலம்! அடுத்த ஆட்டம் வெண்டம்.

அடுத்த நாள் பூசை முடிஞ்சு உங்களிட்ட வந்தனான். கண்ணாடியைத் துடைச்சிட்டு, முந்தானையில முடிஞ்சு வந்த சிப்பியை அதுக்கு மேல வைச்சனான். கண்டிருப்பியள். எங்கட மேசைக்கு நான் வேறொண்டு பொறுக்கியிட்டன். அது உங்களுக்கு.

இஞ்சாருங்கோ, நான் இன்னும் களைச்சுத்தான் இருக்கிறன், அது மாறாது. ஆனால் என்ர கையில கிடக்கிற கடுதாசியை இடையில போட்டிட்டு எழும்பமாட்டன். கடைசிப் பிடி வரைக்கும் இருந்து விளையாடிப்போட்டுத்தான் வருவன். அதுவரைக்கும் அந்தச் சிப்பியை ஒருத்தரும் தொட விடமாட்டன். நான் வந்தாப் பிறகு நீங்களே திறந்து காட்டுங்கோ.

சூசை அண்ணைக்கு எதிர்க்கதிரையில இருக்கிற,
உங்கட மனுசி.